நான்கு விரல் இடைவெளி: காரைத் தாழ்த்திக்கொண்டு மலையேறும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். குன்னூரில் டயர் கடையும் அலைன்மென்ட் பட்டறையும் வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. உங்கள் காரின் அடிவயிறு எனக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்துக்கு டயர் எடுக்க இறங்கிக்கொண்டிருந்தேன். பர்லியாற்றுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார், பதினேழு அங்குல அலாய் சக்கரம், மட்கார்டுக்குள் டயர் பாதி புதைந்திருந்தது. கீழிருந்து அரசுப் பேருந்து ஏறி வந்தது. அந்த வளைவில் பேருந்துக்கு முழு ரோடும் வேண்டும். இறங்குகிற வண்டி தாரை விட்டு மண்ணில் ஒதுங்கி நின்றால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம். ஆனால் தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே அரை ஜாண் பள்ளம். வெள்ளைக் கார் ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் முன் பம்பர் போய்விடும். பின்னால் எடுக்கவும் வழியில்லை, நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் வரிசை நீள்கிறது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. காரில் இருந்த நான்கு பேரும் இறங்கினார்கள். ஒருவர் ரோட்டில் படுத்து அடியில் பார்த்தார். இருவர் ஓரத்தில் கல் பொறுக்கி பள்ளத்தில் அடுக்கினார்கள். நான்காமவர் கையைக் காட்டி "இன்னும் ஒரு இஞ்ச், இன்னும் ஒரு இஞ்ச்" என்று அழைத்தார். இருபது நிமிடம். பேருந்தின் கிளட்ச் வாடை என் மூக்குக்கே வந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, ரோட்டைக் கூட்டிக்கிட்டே போறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அந்தத் தம்பிகளும் சிரித்தார்கள். அந்த வரிசையில் 108 வண்டி ஒன்று நின்றிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டோம்.

உங்களைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. தாழ்ந்து நிற்கிற கார் அழகு. அதை நான் மறுத்தால் பொய். ஷோரூமில் இருந்து வரும் காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். நம் ஊர் ரோட்டையும், ஐந்து பேர் ஏறுகிற நம் பழக்கத்தையும் யோசித்து கம்பெனி விடுகிற இடைவெளி அது. கண்ணுக்கு அது ஒரு குறைதான், வளரும் பையனுக்கு வாங்கிய கால்சட்டை மாதிரி. அந்த இடைவெளியை மூடி, சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டால் கார் வேறு ஒன்றாகிவிடுகிறது.

இந்த ஆசை உங்களோடு பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் குடியேறிய மெக்ஸிகோ வம்சத்துப் பையன்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பழைய செவர்லே கார்களின் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும், ஸ்பிரிங்கை அறுத்தும் தாழ்த்தி, தெருவில் ஊர்கோலம் போல மெதுவாக ஓட்டினார்கள். சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று 1950களின் கடைசியில் அங்கே சட்டம் வந்தது. உடனே ஒருவர் விமானத்து ஹைட்ராலிக் பம்பைக் காரில் மாட்டினார். போலீஸைக் கண்டால் கார் எழுந்து நிற்கும், தாண்டியதும் உட்கார்ந்துவிடும். அந்த மூளைக்கு நான் ரசிகன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் ஓட்டியது சமதளமான, அகலமான நகரத்து வீதியில், நடக்கிற வேகத்தில். பார்க்க ஆள் வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஓட்டினார்கள்.

இனி என் கதை. கொஞ்சம் வெட்கம் கலந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. கடை போட்டுச் சில வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் மாருதி 800 கொண்டுவந்தான். பன்னிரண்டு அங்குலச் சக்கரம், கைக்குழந்தை செருப்பு மாதிரி இருக்கும். பதின்மூன்று அங்குல ரிம் மாட்டி, முன்பக்கத்தைத் தாழ்த்தித் தரச் சொன்னான். நான் முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, கேஸ் கட்டரில் ஆளுக்கு ஒன்றரைச் சுற்று அறுத்து மாட்டிக் கொடுத்தேன். கார் சீறிக்கொண்டு நிற்கிற பூனை மாதிரி ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது. கூலி நூற்றைம்பது ரூபாய்.

மூன்று வாரம் கழித்து காட்டேரி அருகே ஒரு இறக்கத்தில், ரோட்டைக் குறுக்கே கடக்கிற வடிகால் மேட்டில் கார் குதித்திருக்கிறது. குதிக்கும்போது சக்கரம் கீழே தொங்கும். முழு நீள ஸ்பிரிங்காக இருந்தால் தொங்கும்போதும் மேலும் கீழும் இறுக்கிப் பிடித்திருக்கும். அறுத்த ஸ்பிரிங் நீளம் பற்றாமல், தான் உட்காரும் தட்டை விட்டு நழுவிவிட்டது. கார் மறுபடி உட்கார்ந்தபோது ஸ்பிரிங் கோணலாக மாட்டிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. தடுப்புச் சுவரில் மோதி நின்றது. சுவர் இருந்தது, பிழைத்தார்கள். முன் இருக்கையில் இருந்த அவன் அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

பையன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மா மாவுக்கட்டோடு கடைக்கு வந்தார். "ஏன் தம்பி, அவன் சின்னப் பையன், கேப்பான். நீயும் செஞ்சு குடுத்துருவியா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். அதன் பிறகு என் கடையில் ஸ்பிரிங் அறுப்பது கிடையாது.

கேஸில் அறுப்பதில் இன்னொரு விஷயமும் அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பிரிங் கம்பி பதம் போட்ட எஃகு. நெருப்பு பட்ட இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். அந்த இடம் நாளடைவில் அமுங்கும், இல்லை என்றால் ஒரு குளிர்காலக் காலையில் படீரென்று ஒடியும். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகவும் ஆகும். ஆக, குறைந்த இடத்தில் விறைப்பான ஸ்பிரிங், அதற்குப் பொருந்தாத பழைய ஷாக் அப்சார்பர். நீங்கள் இப்போது அறுப்பதில்லை, கடையில் லோயரிங் ஸ்பிரிங் (தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங்), காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) என்று வாங்கி மாட்டுகிறீர்கள் என்பது தெரியும். நல்லது. பாதிப் பிரச்சினை அதில் தீரும். மீதிப் பாதி மலையோடு சம்பந்தப்பட்டது.

சமவெளியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பது பார்க்கிங்கில் மட்டும்தான். அப்போது கார் நகர்வதே இல்லை. இங்கே மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங் கிட்டத்தட்ட முழுக்க ஒடிகிறது, அதே நேரம் காரில் நான்கு பேரும் பைகளும் இருக்கிறார்கள், இறக்கத்தில் பிரேக்கும் அழுத்தியிருக்கிறீர்கள். எடை மொத்தமும் முன்னால் வந்து, வெளிப்பக்க முன் சக்கரத்தில் உட்காரும். அந்த நான்கு விரல் இடைவெளி எதற்கு என்று அந்த ஒரு நொடியில்தான் தெரியும். ஷாக் அடிவரைக்கும் போய் முட்டாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாப்பர் இருக்கிறது. தாழ்த்திய காரில் ஸ்பிரிங் அமுங்க இடமே மிச்சம் இல்லாததால் நேராக அந்த ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கணத்தில் உங்கள் காருக்கு சஸ்பென்ஷன் கிடையாது. அது மாட்டு வண்டி. ரோடு ஒரு சின்னக் குழி கொடுத்தாலும் டயர் பிடியை விட்டுவிடும், கார் திரும்பாமல் நேராகப் போகும். வளைவில் நேராகப் போனால் ஒன்று பள்ளம், இல்லை எதிரே வருகிற பேருந்து.

"தாழ்த்தினால் எடை மையம் இறங்கும், கார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும்" என்று என்னிடமே பாடம் எடுத்த தம்பிகள் உண்டு. சரிதான், அது பாதிப் பாடம். உங்களிடம் இருக்கிற சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு, வைத்தவை. காரை இறக்கும்போது சக்கரத்தைக் காரோடு இணைத்துக் கீழே இருக்கிற ஆர்மின் வெளி நுனி மேல்நோக்கி நிற்கும். கார் பக்கவாட்டில் சாய்வதற்கு அச்சாக இருக்கிற புள்ளி, ரோல் சென்டர் என்பார்கள், அது எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. ஆகவே ஸ்பிரிங் போதிய விறைப்பாக இல்லை என்றால் தாழ்த்திய கார் முன்பைவிட அதிகம் சாயவும் கூடும். ரேஸ் கார்க்காரர்கள் தாழ்த்தும்போது ஆர்மின் மூட்டு, ஸ்டியரிங் கம்பியின் மூட்டு எல்லாவற்றையும் சேர்த்து இடம் மாற்றுவது இதனால்தான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே ஓடுகிற கார்கள் தரையை முத்தமிடும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தத் தரையில் குழி இல்லை, வடிகால் இல்லை, எதிரே பேருந்து இல்லை. ஒரு ஞாயிறு அங்கே போய்ப் பாருங்கள், நானும் போவேன்.

சக்கரத்துக்கு வருவோம். இதில் உங்களில் சிலர் கணக்குச் சரியாகப் போட்டுத்தான் மாற்றுகிறீர்கள், பாராட்டுகிறேன். 185/65 ஆர் 15 என்றால் டயர் அகலம் 185 மி.மீ., ரிம் 15 அங்குலம், பக்கச் சுவர் அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. மொத்த விட்டம் 621 மி.மீ. சுமார். அதே காரில் 205/45 ஆர் 17 போட்டால் விட்டம் 616. கிட்டத்தட்ட அதே அளவு, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் 92 மி.மீ. ஆகிவிட்டது. 28 மி.மீ. காற்று போச்சு. குழியில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தக் காற்றுதான். ஒரு மழைக்காலத்தில் எத்தனை அலாய் வெடிப்போடு என் கடைக்கு வருகிறது என்று நான் எண்ணி வைக்கவில்லை. அத்தனையும் வந்தது பக்கச் சுவர் ஒல்லியான டயரோடுதான். வெடித்த அலாயை வெல்டிங் வைத்து மலையில் ஓட்டாதீர்கள். வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

மட்கார்டு நிறையட்டும் என்று 205/50 ஆர் 17 போடுகிறவர்கள் வேறு வகை. விட்டம் 637 ஆகிவிடும், இரண்டரை சதவீதம் கூடுதல். மேட்டில் இழுவை குறையும், இறக்கத்தில் கியரின் பிடிமானமும் அதே அளவு குறையும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி ஓரத்தில் பலகை வைத்திருக்கிறார்களே, அந்தக் கியரே கொஞ்சம் இளகிவிடுகிறது. அதற்கு மேல் எடை. ஒரு தம்பி கழற்றிக் கொடுத்த பழைய சக்கரத்தையும் மாட்டிய புதுச் சக்கரத்தையும் தராசில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கு நான்கு கிலோ கூடுதல். சுற்றுகிற எடையை நிறுத்துவது அந்தப் பழைய பிரேக்தான். குன்னூரில் இருந்து கல்லாறு வரை பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கி, டிஸ்க்கில் புகை வர, கல்லாற்றில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும்.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் இன்னொரு எண் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. கம்பெனி 88 கொடுத்த காருக்கு விலை குறைவு என்று 84 போட்டு, ஐந்து பேரை ஏற்றி ஊட்டிக்கு வருவது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

எனக்குச் சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று உண்டு. வேகத்தடையைத் திட்டாத தாழ்ந்த கார்க்காரர் இல்லை. அரசு விதிப்படி போடுகிற வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். ஸ்விஃப்ட் மாதிரி காரின் இரு சக்கரங்களுக்கு நடுவே 2.45 மீட்டர்தான். அகலமான வேகத்தடையில் கார் மொத்தமும் ஏறி இறங்கிவிடும். வயிற்றுக்குக் கீழே மேடு எழும்பி நிற்பது நான்கைந்து செ.மீ. தான். தாழ்த்திய கார்கூட மெதுவாகப் போனால் உரசாது. உரசுவது ஊர்க்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்ட, ஒரு முழம் அகலமுள்ள முட்டு. அதற்கு அந்த ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூட வாசலில் யாரோ வேகமாகப் போனதால்தான் அது வந்தது. ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. நீங்கள் 40 இறக்கினால் 123. நான்கு பேரும் பெட்டியும் ஏறினால் இன்னும் அமுங்கும். அப்புறம் ஒரு முழ முட்டில் எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டி, அந்த ஆயில் சம்ப், தட்டாமல் என்ன செய்யும்? சம்ப் ஓட்டையானது தெரியாமல் ஏறி, எண்ணெய் முழுவதையும் ரோட்டில் விட்டவர் உண்டு. பின்னால் பைக்கில் வந்தவர் அந்த எண்ணெயில் சறுக்கினார். நல்லவேளை, சிராய்ப்போடு போனது.

விளக்கையும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்தான். பின்பக்கம் அமுங்கினால் முன் விளக்கு மேலே தூக்கும். மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்குகிற ஊரில், எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் விளக்கை இறக்கும் உருளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருப்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம் என்று வந்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் விதிதான். என் அனுபவத்தில் அந்தக் கடைசி விதியைத்தான் தாழ்ந்த கார்கள் அதிகம் மீறுகின்றன. மனம் இல்லாமல் இல்லை, ஒதுங்க உயரம் இல்லாமல். 2024 மே மாதத்தில் இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அதில் காரின் உயரத்தைக் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்வது மேல்.

கீழே கடை வைத்திருக்கும் நம் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பிரிங் மாற்றிவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் அனுப்பாதீர்கள், அண்ணன்மார்களே. தாழ்த்தியதும் டோ (சக்கரம் நேராகப் பார்க்கிற கோணம்) ஓடிவிடும், கேம்பர் (சக்கரம் நிற்கிற சாய்வு) உள்ளே சாயும். உள் விளிம்பில் கம்பி தெரியும், வெளிப்பக்கம் புது டயர் மாதிரி இருக்கும். இவர்கள் குனிந்து பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு டயர் என் கடை வாசலில் கிடக்கிறது, வெளியில் இருந்து பார்த்த இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள்.

சரி, நான் கேட்பது என்ன? காரை ஷோரூம் மாதிரி ஆக்குங்கள் என்று கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. 185/65 ஆர் 15 வந்த காருக்கு 195/55 ஆர் 16 போட்டுப் பாருங்கள். விட்டம் ஒரு மி.மீ.கூட மாறாது, பக்கச் சுவர் 107 மிஞ்சும், கண்ணுக்கும் நிறைவாக இருக்கும். உயரத்தை மாற்ற முடிகிற காயில்ஓவர் வைத்திருப்பவர்கள் மேட்டுப்பாளையத்துக்கு முன்னாலேயே 30 மி.மீ. தூக்கிக்கொள்ளுங்கள். சாவி இருந்தால் ஒரு மணி நேர வேலை. கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் நண்பர்கள் நால்வரையும் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் அன்றைக்குப் பேருந்தில் வாருங்கள், இல்லை என்றால் ரயிலில். எங்கள் மலை ரயில் பல் சக்கரத்தால் பல் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, அதற்கும் அவசரம் கிடையாது.

கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னும் போடாமல் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். சீசன் தொடங்குவதற்கு முன், வார நாளில் வந்தால் அரை நாளில் மாற்றி, அலைன்மென்டும் பார்த்துத் தருகிறேன். கூலி நியாயமாக இருக்கும். நூற்றைம்பதுக்கு முடியாது.

இப்படிக்கு,
குன்னூரில் இருந்து ஒரு டயர் கடைக்காரன்